வீட்டினுள் மணிப்பிளாண்டு வளர்த்தல்

முன்னுரை

மணிப்பிளாண்டுக் கொடியை அறியாதார் நம் நாட்டில் அரியர். விறாந்தைத் தூணிற் படர்ந்தும், யன்னலோரத்தில் ஒரு போத்தல் நீரில் நின்றும், அலுவலக அலுமாரியின் மேலிருந்து தொங்கியும் இக்கொடி நம் கண்ணுக்குக் குளிர்ச்சியளிக்கின்றது. இதனை விலை கொடுத்து வாங்குவோர் சிலர். அயல்வீட்டில் ஒரு துண்டு கேட்டுப் பெறுவோரே பலர். கேளாது களவாக முறித்து வந்து நட்டாலே இது செழிக்கும் எனக் கூறுவாரும் உளர். அதில் உண்மை யாதும் இல்லை. கேட்டுப் பெற்ற துண்டும் களவாற் பெற்ற துண்டும் ஒரே வகையாகவே வேர்விடும். ஆகவே அயலாரின் நட்பைக் காத்துக்கொள்ளுதலே நன்று.

இவ்வளவு எளிதிற் பிழைக்கும் கொடியும் பல இல்லங்களிற் சில மாதங்களுள் மஞ்சளித்து, அடி அழுகி மடிந்துபோகின்றது. வளர்த்தவர், "நாள்தோறும் தவறாது தண்ணீர் ஊற்றினேனே!" என வருந்துவர். உண்மை யாதெனின், அவ்வாறு நாள்தோறும் ஊற்றிய தண்ணீரே பெரும்பாலும் செடியைக் கொன்றது. வீட்டினுள் வளரும் செடிகளுள் நீரின்றி மடிவன சில; நீர் மிகுந்து மடிவனவே பல.

தேங்கிய நீரால் விளையும் கேடு செடியோடு நின்றுவிடுவதும் இல்லை. போத்தலிலும் சாடியின் அடித்தட்டிலும் நிற்கும் தெளிந்த நீர், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு முட்டையிடுதற்கு உகந்த இடமாகும். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயுற்றோராகப் பதிவுசெய்யப்பட்டனர். 400 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே தேங்கிய நீர் செடிக்கும் பகை; செடியை வளர்ப்போருக்கும் பகை. இதனை மனத்திற் கொண்டு, மணிப்பிளாண்டை வீட்டினுள் நலமாக வளர்க்கும் முறைகளை இப்பிரசுரத்திற் கூறுவோம்.

கொடியின் பிறப்பிடமும் இயல்பும்

மணிப்பிளாண்டு என்னும் பெயரிலுள்ள "மணி" தமிழ்ச்சொல் அன்று. பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லேயாம். கொடி செழித்தாற் செல்வம் பெருகும் என்னும் நம்பிக்கையும் இப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. தாவரவியலார் இதனை எபிப்பிரம்னம் ஓரியம் என்பர். ஓரியம் என்பது பொன்னிறமானது எனப் பொருள்படும். இலைகளிற் காணப்படும் மஞ்சட் கீற்றுகள் பற்றி இப்பெயர் அமைந்தது. 1880 ஆம் ஆண்டில் இக்கொடி முதலில் போதொஸ் என்னும் பேரினத்துட் சேர்த்து விவரிக்கப்பட்டது. 1964 ஆம் ஆண்டிலேயே இன்றுள்ள பெயரைப் பெற்றது. எனினும் தோட்டக்காரர் பலர் இன்றும் இதனைப் போதொஸ் என்றே அழைப்பர். போதொஸ் என்னும் பேரினப் பெயர், நம் நாட்டுக் காடுகளில் வளரும் வேறொரு கொடியின் சிங்களப் பெயரிலிருந்து பெறப்பட்டதாகும்.

பிறநாட்டார் சிலர் மணிப்பிளாண்டை "இலங்கைக் கொடி" எனவும் வழங்குவதுண்டு. ஆயினும் இதன் பிறப்பிடம் இலங்கை அன்று. பசிபிக் சமுத்திரத்திலே பிரெஞ்சுப் பொலினீசியாவைச் சேர்ந்த மூரேயா என்னும் சிறு தீவே இதன் தாயகமாகும். சேம்பும் கருணையும் அந்தூரியமும் எக்குடும்பத்தைச் சேர்ந்தனவோ அக்குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது.

காட்டிலே இக்கொடி பெருமரங்களின் அடியில் முளைத்து, தண்டின் கணுக்களிலிருந்து புறப்படும் காற்று வேர்களால் மரப்பட்டையைப் பற்றி மேலேறுகின்றது. அவ்வாறு ஏறும்பொழுது இலைகள் படிப்படியாகப் பெருத்து, மூன்று அடி வரை நீண்டு, ஓரங்கள் கிழிந்த தோற்றத்தை அடையும். நம் வீட்டுச் சாடியில் உள்ள கையகல இலைகள் இக்கொடியின் இளம்பருவ இலைகளே. இது பூப்பது மிக அரிது. வளர்ச்சியைத் தூண்டும் ஜிபரலின் என்னும் பதார்த்தத்தை இச்செடி போதிய அளவு ஆக்க இயலாமையே அதற்குக் காரணம் என 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. பூவும் விதையும் இன்மையால், நாம் வளர்ப்பன யாவும் துண்டிலிருந்து துண்டாகப் பெருகி வந்தவையே.

இவ்வரலாற்றிலிருந்து வளர்ப்போர் அறியவேண்டியன மூன்று. முதலாவது, இது மரநிழலிற் பிறந்தது; ஆதலின் சுடுவெயிலை வேண்டாது, எனினும் இருளையும் விரும்பாது. இரண்டாவது, காட்டில் இதன் வேர்கள் இலைச்சருகினிடையிலும் மரப்பட்டையிலும் காற்றோட்டத்துடன் இருப்பன. ஆதலின் இறுகிய சேற்று மண் இதற்கு ஒவ்வாது. மூன்றாவது, இது வெப்பநாட்டுச் செடி, குளிரைத் தாங்காது.

ஒளி

நீரைப்பற்றிப் பேசுமுன் ஒளியைப்பற்றிப் பேசுதல் வேண்டும். ஏனெனில், செடிக்கு எவ்வளவு நீர் தேவை என்பதை ஒளியே தீர்மானிக்கின்றது. ஒளி மிகுந்த இடத்திலுள்ள இலை உணவை மிகுதியாக ஆக்கி, நீரை மிகுதியாக ஆவியாக்கும். இருண்ட மூலையிலுள்ள இலை அவ்விரண்டையும் குறைவாகவே செய்யும். ஆகவே யன்னலோரச் செடிக்கு ஊற்றும் அளவு நீரை இருண்ட மூலையிலுள்ள செடிக்கும் ஊற்றினால், அந்நீர் பயன்படாது மண்ணிலேயே தங்கும்.

யன்னலிலிருந்து மூன்று அல்லது நான்கு அடி தூரத்தில், வெயில் நேரே படாத வெளிச்சமான இடமே சிறந்தது. இடத்தைச் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு. நண்பகலில் அவ்விடத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்து, அதற்கு ஓர் அடி உயரத்திற் கையை நீட்டுக. கையின் நிழல் ஓரம் மங்கலாகத் தோன்றின் ஒளி போதுமானது. நிழல் கூர்மையாகக் கறுத்து விழுந்தால் வெயில் மிகுதி. நிழலே தோன்றாவிடின் ஒளி போதாது. மின்விளக்கின்றிப் பத்திரிகை வாசிக்க இயலாத இடத்தில் செடியும் நலமாக வாழாது.

நேர்வெயில் பட்டால் இலையில் வெளிறிய அல்லது கபில நிறமான எரிவுத் தழும்புகள் தோன்றும். அவை மீண்டும் பசுமையாகா. ஒளி குன்றினாற் கணுவிடைகள் நீண்டு, இலைகள் சிறுத்து, புதிய இலைகளிலே மஞ்சட் கீற்றுகள் மறையும். மஞ்சட் பகுதியிற் பச்சையம் மிகக் குறைவு. ஆகவே ஒளி குறைந்த இடத்திற் செடி பச்சைப் பகுதியையே பெருக்கிக்கொள்கின்றது. கீற்றுகள் மறைவதைக் கண்டால் பசளை இடாது, சாடியை யன்னலின் பக்கம் நகர்த்துக. முழுவதும் வெள்ளை படர்ந்த இலையுடைய வகைகள் பச்சை வகைகளிலும் மெதுவாகவே வளரும். அவற்றுக்கு ஒளி மேலும் தேவை.

நீர்

வேர் நீரை மாத்திரம் உறிஞ்சுவதில்லை. அது சுவாசிக்கவும் செய்கின்றது. மண்துணிக்கைகளின் இடைவெளியிலுள்ள காற்றின் ஒட்சிசனே வேருக்கு மூச்சு. இடைவெளிகள் யாவும் நீரால் நிரம்பியிருப்பின் அம்மூச்சு தடைப்படும். ஒட்சிசன் நீரினூடாகப் பரவும் வேகம், காற்றினூடாகப் பரவும் வேகத்திற் பதினாயிரத்தில் ஒரு பங்கேயாம். மூச்சடைத்து நலிந்த வேரை, ஈரமண்ணில் வாழும் பூஞ்சண வகைகள் எளிதிற் பற்றி அழுகச் செய்யும். மிகைநீர் செடியைக் கொல்லும் வழி இதுவே.

எனவே "இரண்டு நாளைக்கு ஒருமுறை", "கிழமைக்கு ஒருமுறை" எனக் கால அட்டவணை வகுத்து நீர் ஊற்றுதல் தவறு. விரலையே அளவுகோலாகக் கொள்க. சுட்டுவிரலை மண்ணுள் இரண்டு அங்குலம் செலுத்துக. விரல்நுனியில் ஈரலிப்பு உணரப்பட்டால் ஊற்றவேண்டாம். உலர்ந்திருந்தால் மாத்திரம் ஊற்றுக. சாடியைத் தூக்கிப் பார்த்து அதன் பாரத்தால் அறிதலும் நல்ல பழக்கமாகும். சில கிழமைகளிற் கை அதனைக் கற்றுக்கொள்ளும்.

ஊற்றும்பொழுது சிறிது சிறிதாகத் தெளித்தல் ஆகாது. அடித் துவாரத்தால் நீர் வடியும் வரை நன்கு ஊற்றுக. அரைமணி நேரத்தின் பின் தட்டிற் சேர்ந்த நீரைக் கொட்டித் தட்டைத் துடைத்துவிடுக. நிறைய ஊற்றி, பின் உலரவிடுதலே முறை. நாள்தோறும் ஒரு குவளை என்பது முறையன்று.

இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப இடைவெளி வேறுபடும். ஈரவலயத்தில் மழைக்காலத்திற் பத்து நாள் சென்றும் மண் உலராதிருக்கலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் மூன்று நான்கு நாளிலேயே உலர்ந்துவிடலாம். நுவரெலியா போன்ற மலைநாட்டு ஊர்களில் இரவுக்குளிர் மிகும் மாதங்களிற் செடி வளர்ச்சியின்றி நிற்கும். அக்காலத்தில் நீரை மிகக் குறைத்து, சாடியை யன்னற் கண்ணாடியிலிருந்து விலக்கி உள்ளே வைத்தல் வேண்டும். வெப்பநிலை 18 முதல் 30 பாகை சதமவளவில் இருப்பின் இது நன்கு வளரும். 10 பாகைக்குக் கீழ் இறங்கின் இலைகள் கருகத் தொடங்கும்.

சுண்ணாம்புக் கற்பாறைமீது அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கிணற்று நீர் வன்மையானது. அதனை இடைவிடாது பயன்படுத்தினால் மண்ணின் மேலும் சாடியின் விளிம்பிலும் வெண்படிவு தோன்றும். மழைநீர் கிடைக்கும்பொழுது அதனை ஊற்றி மண்ணை நன்கு கழுவிவிடுதல் நன்று. ஆயின் அதற்காக மழைநீரை மூடாத பாத்திரத்திற் சேர்த்துவைத்தல் கூடாது.

சில காலைகளில் இலைநுனியிலே துளிநீர் நிற்றலைக் காணலாம். இரவிலே வேர் உறிஞ்சிய மிகைநீரை இலை வெளிவிடுவதே அது, நோயன்று. எனினும் அது நாள்தோறும் தோன்றின் மண்ணிலே நீர் நிறைய உண்டென்று கொள்க.

வாடிய செடிக்கு உடனே நீர் ஊற்றலாமா?

வளர்ப்போர் மிகுதியும் தவறுவது இவ்விடத்திலேயே. நீரின்றி வாடிய செடியும் நீர் மிகுந்து வாடிய செடியும் தொலைவிலிருந்து நோக்குவோருக்கு ஒரே தோற்றம் தரும். இரண்டிலும் இலை தொங்கும். முன்னதில் மண்ணில் நீர் இல்லை. பின்னதில் நீர் இருந்தும் அழுகிய வேரால் அதனை உறிஞ்ச இயலவில்லை. இவ்வேறுபாட்டை அறியாது வாடியது கண்டவுடன் நீர் ஊற்றுவோர், நீரில் மூழ்குபவன் தலைமேல் மேலும் ஒரு குடம் ஊற்றியவராவர்.

ஆகவே முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க. மண் உலர்ந்து, சாடி இலேசாக இருப்பின் தாகமே காரணம். நீர் ஊற்றினாற் சில மணி நேரத்திற் செடி நிமிரும். மண் ஈரமாக இருந்து, கீழ் இலைகள் பல ஒருங்கே மஞ்சளித்து, மண்ணிலிருந்து புளித்த நாற்றம் எழுந்தால் வேரழுகலே காரணம். முதிர்ந்த அடியிலை ஒன்று மாத்திரம் மஞ்சளித்து உதிர்தல் இயற்கை, அதற்கு அஞ்சவேண்டுவதில்லை.

வேரழுகிய செடியையும் காப்பாற்றலாம். சாடியைக் கவிழ்த்துச் செடியை எடுத்து, வேரை நீரிற் கழுவுக. வெண்மையாகவும் உறுதியாகவும் உள்ள வேர்கள் நல்லவை. கபில நிறமாகிக் குழைந்தவற்றைச் சுத்தமான கத்தியால் வெட்டி நீக்குக. பழைய மண்ணை மீண்டும் பயன்படுத்தாது, புதிய கலவையில், முன்னையதிலும் சிறிய சாடியில் நடுக. தண்டின் அடியும் குழைந்திருந்தால் வேரைக் கைவிட்டு, மேலேயுள்ள நல்ல தண்டைத் துண்டுகளாக்கிப் புதிதாக வேர்விடச் செய்க. ஒரு கணுவேனும் பசுமையாக இருக்கும் வரை இக்கொடியை இழந்ததாகக் கொள்ளவேண்டாம்.

சாடியும் மண்கலவையும்

அடியிலே துவாரமில்லாத சாடி எதனையும் பயன்படுத்தல் கூடாது. அடியிற் கூழாங்கல் பரப்பினாலும் துவாரத்தின் குறை தீராது. வடியாத நீர் கல்லிடையே நின்று வேரை எட்டும். அழகிய பீங்கான் சாடியிலே துவாரம் இல்லையாயின், துவாரமுள்ள சாடியில் நட்டு அதனைப் பீங்கான் சாடியினுள் வைத்து, நீர் ஊற்றும்பொழுது வெளியே எடுக்கலாம். மண்சாடியின் சுவரூடாகவும் நீர் ஆவியாகும். பிளாத்திக்குச் சாடியில் அஃது இல்லை. ஆகவே அதிலுள்ள மண் உலர நாள் செல்லும்.

மேல்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு, பருக்கையான ஆற்றுமணல் அல்லது உமிக்கரி ஒரு பங்கு எனக் கலந்துகொள்க. தும்புத்தூளில் உப்பு இருத்தல் கூடுமாதலின் இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே சேர்த்தல் வேண்டும். கலவையைக் கையிற் பிடித்து அழுத்திவிட்டால் அது கட்டியாகி, விரலாற் தட்டியவுடன் உதிர்தல் வேண்டும். உதிராவிடின் மணலையோ உமிக்கரியையோ மேலும் சேர்க்க.

துவாரத்தின்மேல் ஓர் ஓட்டுத்துண்டை வளைவு மேலாக வைத்தால் மண் கழுவுண்டு போகாது. ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை, வேர் நிறைந்ததும் சாடியை மாற்றுக. புதிய சாடி பழையதிலும் இரண்டு அங்குலம் மாத்திரம் அகன்றிருத்தல் போதும். மிகப் பெரிய சாடியில் உள்ள மண், வேர் எட்டாத நீரைத் தாங்கி நெடுநாள் ஈரமாகவே கிடக்கும்.

பசளை

மணிப்பிளாண்டு பசளையை மிகுதியாக வேண்டுவதன்று. கூட்டெரு கலந்த புதிய மண்ணில் நட்ட முதல் மூன்று மாதங்களுக்குப் பசளை தேவையில்லை. அதன்பின் செடி வளரும் காலத்தில், நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகிய மூன்றும் அடங்கிய நீர்ப்பசளையை, உறையிற் குறித்த செறிவின் அரைப்பங்காகக் கரைத்து, மாதம் ஒருமுறை ஊற்றினாற் போதும். உலர்ந்த மண்ணிற் பசளை ஊற்றல் ஆகாது; முதலில் நீரால் நனைத்த பின் ஊற்றுக. நோயுற்ற செடிக்கும் புதிதாக நட்ட செடிக்கும் பசளை இடுதல் கூடாது. பசளை மிகுந்தால் உப்புச் சேர்ந்து இலைநுனிகள் கபில நிறமாகக் காயும்.

போத்தல் நீரில் வளர்த்தல்

மண்ணின்றி நீரில் மாத்திரம் வளர்த்தலே பலரும் விரும்பும் முறை. "வேர் நீரில் மூழ்கினால் அழுகும் என்றீர்களே, போத்தலில் எவ்வாறு வாழ்கின்றது?" எனச் சிலர் வினவலாம். நீரிலேயே தோன்றிய வேர்கள் அச்சூழலுக்கேற்ற அமைப்புடன் வளர்கின்றன. போத்தல் நீரும் மேற்பரப்பினூடாகச் சிறிது காற்றைப் பெறுகின்றது. அழுகலை வளர்க்கும் சேறும் அங்கு இல்லை. மண்ணில் வளர்ந்த வேரை நீண்டநாள் நீரில் மூழ்கவைப்பது வேறு. நீரிற் பிறந்த வேர் நீரில் வாழ்வது வேறு.

ஆயின் இம்முறையிலேதான் வீட்டாருக்கு நேரும் ஆபத்து மிகுதி. டெங்குவைப் பரப்பும் ஈடிசு நுளம்புகள் வீட்டிலும் சுற்றாடலிலும் சிறு பாத்திரங்களில் நிற்கும் நீரை நாடுவன. பெண் நுளம்பு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவிடும். முட்டை பொரித்து, குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் நுளம்பாக வெளிவர ஏழு முதல் பத்து நாட்களே செல்லும். சுவரில் ஒட்டிய முட்டைகளோ நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிருடன் இருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். ஆகவே பழைய நீரை ஊற்றிவிட்டுப் புதுநீர் நிரப்புதல் மாத்திரம் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது.

போத்தலில் வளர்ப்போர் கைக்கொள்ளவேண்டிய முறை இது:

கிழமையில் ஒரு நாளைக் குறித்துக்கொள்க. வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவும் வழக்கமுள்ள இல்லங்களில் அந்நாளே பொருத்தமானது. செடியை எடுத்து, வேரை ஓடும் நீரில் மெதுவாக அலசுக. பழைய நீரை வடிகாலில் விடாது, வெயில் படும் உலர்ந்த தரையில் ஊற்றுக; அதிற் குடம்பிகள் இருப்பின் அங்கு மடியும். போத்தலின் உட்புறத்தைத் தூரிகையால் விளிம்பு வரை தேய்த்துக் கழுவுக. புதுநீர் நிரப்பியபின், தண்டைச் சுற்றிப் போத்தலின் வாயைப் பஞ்சினாலோ நுளம்புவலைத் துண்டினாலோ இடைவெளியின்றி அடைத்துவிடுக.

வாய் ஒடுங்கியதால் தூரிகை செல்லாத போத்தலைப் பயன்படுத்தல் ஆகாது. கிழமைதோறும் கழுவ இயலாதார் நீர்முறையைக் கைவிட்டு, துவாரமுள்ள சாடியில் நடுதலே கடமையாகும். தம் வளவில் நுளம்பு பெருகாது காத்தலை, 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் குடியிருப்போரின் பொறுப்பாக்கியுள்ளது. விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் போத்தலை வெறுமையாக்கி, செடியை ஈரமண்ணில் நட்டுவிட்டுச் செல்லுதல் வேண்டும். ஆளில்லாத வீட்டிலும் பூட்டிய பாடசாலை அறையிலும் மறந்துபோன போத்தல்களே கவனிக்கப்படாது கிடந்து கேடு விளைப்பன.

துண்டு நட்டு இனம் பெருக்கல்

இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்திலுள்ள புடைப்பே கணு. புதிய வேரும் புதிய தளிரும் அங்கிருந்தே பிறக்கும். கணுவில்லாத இலையை நீரில் இட்டால் அது சில காலம் பசுமையாக நிற்கலாம், ஆயின் கொடியாகாது. ஆகவே நான்கு முதல் ஆறு அங்குல நீளமும் இரண்டு கணுக்களும் உடைய துண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி எடுக்க. கீழ்க்கணுவிலுள்ள இலையை நீக்கி, அக்கணு மண்ணுள் அல்லது நீருள் இருக்குமாறு வைக்க. இரண்டு முதல் நான்கு கிழமைகளில் வேர்விடும்.

நீரில் வேர்விட்டதை மண்ணிற்கு மாற்றுவதாயின், வேர் இரண்டு அங்குல நீளமானவுடன் மாற்றுதல் நன்று. மாற்றிய முதல் இரு கிழமைகளில் மண்ணைச் சற்று ஈரலிப்பாக வைத்து, பின் வழக்கமான முறைக்குத் திரும்புக.

படரவிடுதலும் கத்தரித்தலும்

தொங்கவிட்ட கொடியின் இலைகள் நாளடைவிற் சிறுக்கும். ஏறவிட்ட கொடியின் இலைகள் பெருக்கும். பெரிய இலை வேண்டுவோர், ஒரு தடியின்மீது தேங்காய்ப் பொச்சையோ தும்பையோ கயிற்றாற் சுற்றிக் கட்டிச் சாடியின் நடுவே நாட்டி, கொடியை அதிற் பற்றவிடுக. அத்தும்பைச் சிறிது ஈரமாக வைத்தாற் காற்று வேர்கள் எளிதிற் பற்றும். நீண்டு இலையுதிர்ந்த கொடியைக் கணுவுக்குச் சற்று மேலே கத்தரித்தால் அக்கணுவிலிருந்து கிளை தோன்றும். வெட்டிய துண்டுகளை அதே சாடியில் நட்டாற் செடி அடர்த்தியாகும். மாதம் இருமுறை ஈரத்துணியால் இலைகளைத் துடைத்துத் தூசி போக்குக. எண்ணெய் பூசி மினுக்குதல் ஆகாது.

பீடைகள்

வெண்பஞ்சு போல் இலைக்காம்பின் இடுக்கில் ஒட்டியிருப்பன வெண்மூட்டுப் பூச்சிகள். கபிலச் செதில் போல் தண்டில் ஒட்டியிருப்பன செதிற் பூச்சிகள். இரண்டையும் சவர்க்கார நீரில் நனைத்த துணியாற் துடைத்தெடுத்து, கிழமைக்கு ஒருமுறையாக மூன்று முறை இதனைச் செய்க. வறண்ட காலத்தில் இலையின் அடியில் மெல்லிய வலையும் மேலே வெண்புள்ளிகளும் தோன்றின் அது சிற்றுண்ணி. செடியை வெளியே எடுத்து இலைகளின் இருபுறத்தையும் நீராற் கழுவுக. வீட்டினுள் நச்சு மருந்து தெளித்தல் வேண்டியதில்லை.

பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும்

சேம்பையும் கருணையையும் உரிக்கும்பொழுது கை கடிப்பதை எல்லோரும் அறிவர். ஊசி போன்ற கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகளே அதற்குக் காரணம். அப்பளிங்குகள் மணிப்பிளாண்டின் இலையிலும் தண்டிலும் உள்ளன. இதனைக் கடித்த பிள்ளைக்கு வாயும் நாவும் எரிந்து, உதடு வீங்கி, எச்சில் வடியும். பூனைக்கும் நாய்க்கும் அவ்வாறே நேரும். உயிரிழப்பு மிக அரிதாயினும் நோவு கடுமையானது.

ஆகவே தவழும் குழந்தையும் நடை பழகும் குழந்தையும் உள்ள வீட்டிற் கொடியைக் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, தொங்கும் நுனிகளையும் கத்தரித்துவிடுக. கடித்துவிட்டாற் பதற்றமின்றி வாயிலுள்ளதை அகற்றி, நீராற் கொப்பளிக்கச் செய்து, குளிர்ந்த நீரோ பாலோ அருந்தக் கொடுக்க. வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. தொண்டை வீங்கினும் மூச்சுத் திணறினும் விழுங்க இயலாதுபோயினும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. கொடியைக் கத்தரித்தபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. கழுவாத கையாற் கண்ணைத் தொடுதல் ஆகாது.

கழித்த துண்டுகளும் காற்றைப் பற்றிய எண்ணமும்

கத்தரித்த துண்டுகளை வேலியோரத்திலோ ஆற்றங்கரையிலோ காட்டோரத்திலோ எறிதல் கூடாது. ஒரு கணு போதும், அது வேர்விட்டு மரமேறும். இலங்கை உட்பட வெப்பநாடுகள் பலவற்றில் இக்கொடி வீட்டினின்றும் வெளியேறி, நிலத்தையும் மரங்களையும் மூடி, அவ்விடத்துக்குரிய செடிகளை நெருக்குகின்றது. வேண்டாத துண்டுகளை வெயிலில் நன்கு உலர்த்தி, முற்றாகக் காய்ந்தபின் கூட்டெருக் குழியில் இடுக.

இக்கொடி வீட்டுக் காற்றின் நஞ்சை நீக்கும் எனச் சிலர் கூறுவர். 1989 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே அடைத்த சிறு பெட்டிகளினுள் நடந்த ஆராய்ச்சியிலிருந்தே அவ்வெண்ணம் பரவிற்று. காற்றோட்டமுள்ள வீட்டில் அப்பயன் கணக்கிலெடுக்கத்தக்கதன்று என 2019 ஆம் ஆண்டில் வெளியான மீளாய்வு காட்டிற்று. காற்றுக்கு யன்னலைத் திறக்க; கண்ணின் இன்பத்துக்குக் கொடியை வளர்க்க.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. வெளிச்சமான, ஆயின் நேர்வெயில் படாத இடத்தில் வைக்க.

2. விரலை இரண்டு அங்குலம் மண்ணுட் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மாத்திரம் நீர் ஊற்றுக.

3. துவாரமில்லாத சாடியில் நடவேண்டாம். அடித்தட்டின் நீரை அரைமணி நேரத்தின் பின் கொட்டுக.

4. செடி வாடினால் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க. பின்னரே நீர் ஊற்றுவதா எனத் தீர்மானிக்க.

5. போத்தலைக் கிழமைதோறும் தேய்த்துக் கழுவி, அதன் வாயை அடைத்துவைக்க. இயலாவிடின் மண்ணில் நடுக.

6. பிள்ளைகளுக்கும் பிராணிகளுக்கும் எட்டாது வைக்க.

7. கழித்த துண்டுகளை வெளியே எறியவேண்டாம்.

நாள்தோறும் நீர் ஊற்றும் கையிலும், நாள்தோறும் உற்றுநோக்கும் கண்ணே இக்கொடிக்கு உற்ற துணை. தட்டு உலர்ந்தும், போத்தல் துலங்கியும், இலை பசுத்தும் இருக்கும் இல்லத்தில் செடியும் வாழும். அவ்வில்லத்துப் பிள்ளைகளும் நோயின்றி வாழ்வர்.